கொசுவக் கூரையை இறக்கிய கோடை

ஊருக்கு அது ஃபுட்பால் கிரவுண்டு. அரசுப் பெண்கள் பள்ளியில் படித்த எங்கள் பதினோரு பேருக்கு மட்டும் அது பேஸ்பால் ஸ்டேடியம். நாங்கள் ஒன்பதாவது படிக்கும்போது விளையாட்டு டீச்சர் ஒருவர் மாற்றலாகி வந்தார். கபடிக்கும் கோகோவுக்கும் ஏற்கெனவே ஆள் சேர்ந்துவிட்டது. யாரும் சேர்த்துக்கொள்ளாமல் மிச்சம் நின்ற எங்களை அவர் அந்த மைதானத்துக்குக் கூட்டிப்போய், மேற்கு மூலையில் சுண்ணாம்புத் தூளால் ஒரு சாய்சதுரம் போட்டார். நான்கு மூலையிலும் மணல் அடைத்த சாக்குகள். பந்தை மட்டையால் அடித்துவிட்டு சாக்கிலிருந்து சாக்குக்கு ஓடிச் சுற்றி வந்தால் ஒரு ரன். எனக்குக் கிடைத்தது கேட்சர் வேலை. அடிக்கிறவளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, அவள் விட்ட பந்தையெல்லாம் பிடிக்க வேண்டும்.

என் முதுகுக்குப் பின்னால் கேலரி இருந்தது. அதனால் அந்தக் கட்டடத்தை நான் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். மாலையில் வெளிச்சம் குறைந்ததும் தறியை நிறுத்திவிட்டு வரும் நெசவுக்காரர்கள் பத்து இருபது பேர் படிகளில் உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டம் அவர்களுக்குச் சுத்தமாகப் புரியாது. "ஏம்மா, அடிச்சிட்டு நின்னுக்கினே இருக்குதே, ஓடச் சொல்லு!" என்று கோட்டுக்கு வெளியே போகிற ஃபவுல் பந்துக்கெல்லாம் சத்தம் போடுவார்கள். ஓடக் கூடாது என்று நான் திரும்பிப் பார்த்துச் சொன்னால், "அப்ப எதுக்கு அடிச்சா?" என்பார்கள்.

கேலரி மேற்கில் இருந்தது, கிழக்கு பார்த்து. மாலை வெயில் பார்க்கிறவர்களின் முதுகுப் பக்கம் போய்விடும். பதினோரு படிகள். மேலே கான்கிரீட் கூரை, ஆனால் தட்டையானது இல்லை. புடவைக் கொசுவம் போல மடித்து மடித்து, மேலும் கீழுமாக அலையடித்த கூரை. முன்பக்கம் ஒரு தூண்கூடக் கிடையாது. படிகளின் பாதி உயரத்தில் ஒரு வரிசைத் தூண். அங்கிருந்து கூரை முன்னால் நீண்டு சும்மா காற்றில் நின்றது. கொசுவ கேலரி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பட்டு நெய்கிற ஊரில் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

படிப்பு முடிந்து, சிவில் டிப்ளமோ வாங்கி, கட்டடம் கட்டுகிற ஒரு காண்டிராக்டரிடம் சைட் இன்ஜினியராகப் பல வருடம் ஓட்டிவிட்டேன். இதற்குள் கேலரியைப் பூட்டிவிட்டார்கள். ஒரு மழைக்காலத்தில் கூரையின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து எட்டாவது படியில் விழுந்தது. நல்லவேளை, மழையால் அன்றைக்கு யாரும் இல்லை. அப்புறம் துருப்பிடித்த கம்பிகள் ஒவ்வொன்றாக வெளியே தெரிய ஆரம்பித்தன. மைதானத்தை வைத்திருந்த அறக்கட்டளை கடைசியில் அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட முடிவெடுத்தது. இடிக்கும் வேலை எங்கள் காண்டிராக்டருக்கு வந்தது. பொறுப்பு எனக்கு.

எனக்கு அழுகையெல்லாம் வரவில்லை. அந்தக் கூரைக்குக் கீழே யாரையும் உட்கார வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஊரில் பார்த்தவர்கள் எல்லோரும் ஏன் இடிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒரே ஒரு ஆள்தான் வேறு கேள்வி கேட்டது. அது என் அம்மா.

மாகறல் பக்கத்தில் எங்கள் வீடு. அம்மா கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே சித்தாள் வேலைக்குப் போனவர். மணலும் ஜல்லியும் கலவையும் சுமந்து சுமந்து அவர் உச்சந்தலையில் ஒரு ரூபாய் அளவுக்கு முடியே முளைக்காது. மதியம் சாப்பிடும்போது அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"கொசுவ கேலரிய இடிக்கப் போறோம்மா. நான்தான் பாத்துக்கறேன்."

"எங்கேர்ந்து ஆரம்பிக்கப் போறீங்க?"

"பின்னாடியிலேர்ந்து. ரோட்டுப் பக்கம்தான் மிஷின் நிக்க எடம் இருக்குது."

சோற்றைப் பிசைந்த கை நின்றது. "பின்னாடியா? பின்னாடி தூண்ல கை வெச்சா கூரை முன்னாடி கவுந்துடும்மா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அதுல வேலை செஞ்சேன் இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான்கு வருடம் அந்தக் கூரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பந்து பிடித்திருக்கிறேன். ஒரு நாள்கூட அம்மா இதைச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "எத்தினியோ கட்டடம். எதைன்னு சொல்றது? நீயும் கேக்கல" என்றார்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் இரண்டு வாரமாக அந்தக் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து இடிக்கும் முறையை எழுதிக் கொடுத்தது நான். பின்பக்கம் முழுக்கச் சுவர். அந்தச் சுவரும் அதற்குள் இருக்கும் தூண்களும்தான் கூரையின் பின்பாதியைத் தாங்குகின்றன என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன். கட்டடத்தின் பழைய வரைபடம் யாரிடமும் இல்லை. இருந்தாலும் என் வாயில் வந்தது இதுதான்: "உனக்குத் தெரியாதும்மா, விடு. நான் இதைப் படிச்சிருக்கேன்."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு அம்மா ரசம் ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் காலை சைட்டுக்குப் போனதும் நான் முதலில் செய்தது, பின்சுவரில் ஒரு இடத்தில் பூச்சைக் கொத்தச் சொன்னதுதான். பூச்சுக்குக் கீழே செங்கல். செங்கல்லுக்கும் தூணுக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி. அதாவது சுவர் எதையும் தாங்கவில்லை. யாரோ பிற்பாடு கழிப்பறை கட்டுவதற்காகச் சும்மா எழுப்பியது. சரி, தூண் தாங்குகிறது என்று பார்த்தால், தூண் என் இடுப்பைவிடக் குறுகலாக இருந்தது. அதன் மேல் மெல்லிய விரிசல்கள் கோடு கோடாக ஓடின. எல்லாம் படுக்கை வாட்டில், வளையல் அடுக்கியதுபோல.

பாரம் தாங்குகிற தூண் நெடுக்கில்தான் விரிசல் விடும். குறுக்கே விரிசல் விட்டால், அது தாங்கவில்லை, இழுபடுகிறது என்று பொருள். இதை நான் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். பொக்லைன் மிஷின் பத்தடி தூரத்தில் உறுமிக்கொண்டு நின்றது.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "ம்மா, கொஞ்சம் வர முடியுமா?"

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "பஸ்ஸு வந்தா வரேன்" என்றார்.

அவர் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை மிஷினை நிறுத்தி வைத்ததில் காண்டிராக்டருக்குக் கடுங்கோபம். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிற மனிதர். கோபம் வந்தால் இரண்டும் கலந்துவிடும். "ஏமண்டி இன்ஜினியரம்மா, யாருக்காக வெயிட் பண்ணிக்கினு இருக்கோம்? சென்னைலேர்ந்து கன்சல்டன்ட் வராரா?"

"எங்க அம்மா வராங்க, சார்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குள் அம்மா கையில் ஒயர் கூடையோடு கேட்டைத் தாண்டி வந்துவிட்டார். நேராகப் பின்பக்கம் போய், சுவரில் புடைத்துத் தெரிந்த தூண்களை எண்ணினார். ஆறு. இரண்டாவது தூணிடம் வந்து, அதிலிருந்து மேற்கே மூன்று எட்டு வைத்து, காலால் தரையைத் தட்டினார். "இங்க தோண்டு."

"எதுக்கும்மா?" என்றார் காண்டிராக்டர்.

"கீழ இன்னா இருக்குதுன்னு நீங்களே பாருங்க சார்."

காண்டிராக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, மிஷின் ஓட்டுகிறவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். வந்தவாசிப் பக்கத்து ஆள். அதுவரை அவர் வாயைத் திறந்தே நான் பார்த்ததில்லை. "தோண்டிப் பாத்துடலாம் சார். உள்ள உக்காரப் போறது நான்தானே" என்றார்.

கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்து ஆட்கள் தோண்டினார்கள். நான்கு அடியில் டங்கென்று கல்லில் மோதியது. ஓரம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டே போனார்கள், போய்க்கொண்டே இருந்தது. ஒரு மாட்டு வண்டியைப் புதைத்து வைத்த அளவுக்கு ஒரே பாளமாகக் கருங்கல்லும் கான்கிரீட்டும். அதற்குள்ளிருந்துதான் தூணின் கம்பிகள் கிளம்பி மேலே போயின.

அம்மா குழி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். "மூணு நாள் கொட்டினோம் இந்த ஒரு குழியில. ஒல்லித் தூணுக்கு எதுக்கு மேஸ்திரி இம்மாம் பெரிய குழின்னு கேட்டேன். இது தூண் இல்லடி, கயிறு. கூடாரத்துக்கு ஆப்பு அடிச்சுக் கயிறு கட்றாங்க இல்ல, அது மாதிரி. இது புடிச்சு இழுத்துக்கினு இருக்கறதாலதான் கூரை முன்னாடி தூண் இல்லாம நிக்கும், அப்டின்னாரு. ஆறு குழியிலயும் இப்டித்தான்."

நாங்கள் போட்டிருந்த திட்டப்படி அன்றைக்குக் காலை முதல் அடி அந்த ஒல்லித் தூணில்தான் விழுந்திருக்கும். ஆறு கயிற்றில் ஒன்றை அறுத்திருப்போம். துருப்பிடித்த மற்ற ஐந்தும் தாங்கியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. தாங்காவிட்டால் மொத்தக் கூரையும் முன்னால் கவிழ்ந்திருக்கும். படிகளில் அப்போது ஏழெட்டுப் பேர் பழைய கம்பி வேலியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

காண்டிராக்டர் செங்கல் குவியலின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து அம்மாவிடம் போய், "டீ சாப்பிடறீங்களாம்மா?" என்றார். "சக்கரை கம்மியா" என்றார் அம்மா.

வேலை மூன்று வாரம் நின்றது. சென்னையிலிருந்து நிஜமாகவே ஒரு கன்சல்டன்ட் வந்தார். குழியைப் பார்த்தார், விரிசலைப் பார்த்தார், நான் எழுதிக் கொடுத்த பழைய திட்டத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். திட்டவில்லை. அதுவே எனக்குப் போதுமான தண்டனை. புதிய திட்டம் தலைகீழாக இருந்தது: படிகள் மேல் இரும்புச் சாரம் கட்டி, கூரையின் முன்முனையைக் கீழிருந்து முட்டுக் கொடுத்து, மடிப்பு மடிப்பாக அறுத்து, கிரேனில் இறக்க வேண்டும். பின்தூண்களை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் தொட வேண்டும்.

அந்த மூன்று வாரத்தில் நான் கேலரியை ஒரு அங்குலம் விடாமல் அளந்து வரைந்தேன். யாரும் கேட்கவில்லை. அதற்கு ஒரு வரைபடம் இல்லாமல் போனதால்தானே இவ்வளவும் என்ற எண்ணம். கூரையை அளக்க முதல் முறையாக மேலே ஏறியபோது, மடிப்புகளின் பள்ளத்தில் பந்துகள் கிடந்தன. டென்னிஸ் பந்து, வெயிலில் வெடித்த ரப்பர் பந்து, தையல் பிரிந்த எங்கள் பேஸ்பால்கூட நாலைந்து. எங்கள் ஃபவுல் பந்துகள் மேலே போய்த் திரும்பாதபோதெல்லாம் டீச்சர் தலையில் கை வைப்பார். அவை உருண்டு போய் மழைநீர்க் குழாய்களின் வாயை அடைத்திருந்தன. தண்ணீர் போக வழியில்லாமல் வருடக் கணக்கில் அங்கேயே தேங்கி, ஊறி, கம்பியைத் தின்றிருக்கிறது. கட்டினதில் அம்மாவுக்குப் பங்கு என்றால் கெடுத்ததில் எனக்கும் பங்கு இருந்தது. கீழே வந்து இதை அம்மாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

கூரையை அறுக்க ஆரம்பித்ததும் அம்மா தினமும் பஸ் ஏறி வந்தார். நான் வரச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மைதானத்துப் புங்க மரத்தடியில் உட்கார்ந்துகொள்வார். வேலைக்கு வந்த சித்தாள் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் அவரைச் சுற்றி உட்காருவார்கள். கான்கிரீட் போட்ட நாளைப் பற்றி அவர் சொன்னதை நான் தள்ளி நின்று கேட்டேன். மடிப்புக் கூரையை நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் போட்டாக வேண்டுமாம். விடியலில் ஆரம்பித்து விளக்கு வைக்கிற வரை, மூங்கில் சாரத்தில் பெண்கள் வரிசையாக நின்று சட்டி கைமாற்றியிருக்கிறார்கள். மடிப்பின் சரிவில் கலவை வழுக்கிக் கீழே வந்துகொண்டே இருந்ததால் கொத்தனார்கள் கையாலேயே அணைத்துப் பிடித்தார்களாம். "எங்களுக்கு அதான் சிரிப்பு. பச்சக் கொழந்தைய புடிக்கற மாதிரி சிமெண்ட்ட புடிச்சிக்கினு நின்னாங்க."

முதல் மடிப்பு கிரேனில் தொங்கியபடி மெதுவாகத் தரைக்கு வந்தது. இறங்கி மண்ணைத் தொட்டபோது ஒரு சின்ன 'தப்' சத்தம், அவ்வளவுதான். சித்தாள் பெண்கள் கைதட்டினார்கள். நான் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றேன். அத்தனை நாளாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை அப்போதுதான் சொல்ல முடிந்தது.

"அன்னைக்கு உனக்குத் தெரியாதுன்னு சொன்னது தப்பும்மா."

அம்மா கிரேனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தோண்டிப் பாத்த இல்ல. எத்தினி பேரு பாக்கறான்?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஏத்தறதுக்கு ஒரே நாளு. எறக்க எத்தினி நாளுமா எடுப்பீங்க?" என்று கேட்டார்.

பத்து நாள் எடுத்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

புது கேலரியை வரைந்தவர் சின்ன வயது ஆர்க்கிடெக்ட். முதலில் அவர் கொண்டுவந்த படத்தில் முன்வரிசையில் எட்டு இரும்புத் தூண்கள் இருந்தன; படிகளும் சந்தே இல்லாத ஒரே கான்கிரீட் பாளமாக இருந்தன. நான் வரைந்து வைத்திருந்த பழைய கேலரியை அவரிடம் காட்டினேன். அவர் மரியாதைக்குப் புரட்டிக்கொண்டே வந்து, படிகளின் குறுக்குவெட்டில் நிறுத்தினார்.

"மேடம், ஒவ்வொரு படிக்குப் பின்னாலயும் ஒரு கேப் இருக்கே, இது கட்டும்போது நடந்த மிஸ்டேக்கா?"

"வாங்க, காட்டறேன்" என்றேன். கூரை போனாலும் படிகள் அப்போது இன்னும் நின்றன. சித்திரை மாதம், மதியம் மூன்று மணி. சாரத்தின் மேல் போட்டிருந்த தார்ப்பாய் நிழலில் அவரை மூன்றாவது படியில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பி முதுகுக்குப் பின்னால் பார்த்தார். ஒரு கை நுழைகிற அந்தச் சந்து வழியாகக் கேலரியின் அடியிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. அடியில் வெயிலே படாத இடம்; பின்பக்கக் கழிப்பறைச் சுவரை இடித்த பிறகு காற்று தாராளமாகவே உள்ளே வந்தது. இதை அம்மா சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. கனத்த பேடு கட்டிக்கொண்டு மே மாத வெயிலில் குந்தி உட்கார்ந்தவளுக்கு முதுகுதான் சொல்லிக்கொடுத்தது.

அவர் தன் படத்தை எடுத்துக்கொண்டு போய், நான்கு வாரம் கழித்து வேறு படத்தோடு வந்தார். படிகளில் சந்து இருந்தது. முன்னால் தூண் இல்லை. கூரை இப்போது இரும்புத் தகடு, ஆனால் மடித்த தகடு. மடித்தால் குறைந்த எடையில் அதிக பலம் என்று அவரே எனக்கு விளக்கினார். நான் இப்போதுதான் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டேன். புதுக் கூரையையும் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டும் அல்லவா? அதற்குப் புதிதாகக் குழி எடுக்கலாமா என்று பேச்சு வந்தபோது, கன்சல்டன்ட் பழைய பாளங்களில் துளை போட்டு மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மண்ணுக்குள் தண்ணீர் படாமல் கிடந்ததால் ஆறில் ஐந்து நன்றாக இருந்தன. அந்த ஐந்தையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டோம். அந்தக் குழிக்கு ரெடிமிக்ஸ் லாரி வந்து குழாயால் கொட்டிவிட்டு அரை மணியில் போய்விட்டது.

இறக்கிய மடிப்புகளில் ஒன்றை மட்டும் உடைக்கவில்லை. நுழைவாயிலுக்குப் பக்கத்தில் ஒரு பக்கம் உயர்த்தி வைத்து, மேற்பரப்பை மழமழவென்று தேய்த்துவிட்டார்கள். நினைவுச் சின்னமாக இருக்கட்டும் என்று அறக்கட்டளைக்காரர்கள் நினைத்தார்கள். திறந்த முதல் வாரத்திலேயே பிள்ளைகள் அதைச் சறுக்குமரமாக ஆக்கிவிட்டார்கள். ஏறக் கூடாது என்று வைத்த பலகையைப் போன மாதம் எடுத்துவிட்டு, கீழே மணல் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

இப்போது வாலாஜாபாத்தில் ஒரு பழைய அரிசி மில்லை இடிக்கும் வேலை வந்திருக்கிறது. உயரமான செங்கல் புகைபோக்கி, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நிற்கிறது. இதற்கும் வரைபடம் இல்லை. அளவெடுக்கக் கிளம்பும்போது காண்டிராக்டரே, "யார் கட்டினதுன்னு விசாரிச்சீங்களா?" என்றார். மில்லுக்கு எதிரே இருந்த டீக்கடையில், அதில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று சொல்லி வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் போனபோது மில் கேட்டில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். கையில் குடை, தோளில் ஒரு துண்டு.

"நீதான் கேட்டியாமே? சிமினிய ரிப்பேர் பண்ணப்போ உள்ளாற எறங்கி சாம்பல் அள்ளினது நானு. நடுவுல ஒரு எடத்துல சொவரு ரெண்டா இருக்குது. வா, காட்டறேன்."

நான் சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்தேன். அவர் எனக்கு முன்னால் உள்ளே போனார்.